மனோர் பார்க்கில் கொடியேற்றம்

இந்தக் கோடையில் யாரோ ஏணி வைத்து ஏறி, எங்கள் வீதி விளக்குக் கம்பங்களில் எல்லாம் இங்கிலாந்துக் கொடியைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை. யார் கட்டினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஏன் கட்டினார்கள் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எதிர் வீட்டுக்காரர் இது நாட்டுப்பற்று என்கிறார். என்னோடு வேலை செய்கிற பெண் இது எங்களைப் பயமுறுத்தத்தான் என்கிறாள். நகரசபைக் கவுன்சில் வந்து கழற்றும் என்று ஒரு பகுதி, கழற்றினால் பார் என்று இன்னொரு பகுதி. நான் பார்க்கிங் என்கிற எங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்கி, மரக்கறிப் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பங்களுக்குக் கீழே நடந்து வருகிறேன். கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை. கால் வலிக்கிறது, அவ்வளவுதான்.

ஆறு வயது மகன் ஜன்னலால் பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன மட்ச் என்று கேட்டான். மட்ச் ஒன்றும் இல்லை என்றேன். அப்படியென்றால் நாங்கள் இங்கிலிஷா என்று கேட்டான். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வா என்றேன்.

இந்தக் கேள்வி எனக்கு அலுத்துப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள், இப்போது வேலை இடத்தில் தேநீருக்குக் கெற்றில் கொதிக்கிற நேரத்தில் கேட்கிறார்கள். நான் பிறந்தது இங்கே. என் கடவுச்சீட்டில் பிரிட்டிஷ் என்று இருக்கிறது. பிரிட்டிஷ் ஆவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், பரீட்சை எழுதலாம், சத்தியம் செய்யலாம், படம் எடுத்துச் சுவரில் மாட்டலாம். இங்கிலிஷ் ஆவதற்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் இங்கிலாந்தை “நாங்கள்” என்று சொல்லுகிறவர் ஒரே ஒருவர்தான். அவர் என் சித்தப்பா. உதைபந்தாட்டத்தில் இங்கிலாந்து தோற்றால் அடுத்த நாளே போன் வரும். “இந்த முறையும் நாங்கள் கோட்டை விட்டிட்டம் பிள்ளை” என்பார், ஏதோ தானே பந்தை வெளியே அடித்துவிட்டது போன்ற குரலில். இங்கிலாந்துக் கொடியைப் பார்த்தால் எனக்கு ஆட்டிறைச்சிக் கறியின் வாசம் வருவதற்குக் காரணமும் அவர்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிழக்கு லண்டன் மனோர் பார்க்கில், முருகன் கோயிலுக்குப் போகிற பாதையில், தோளோடு தோள் ஒட்டி நிற்கிற வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. அம்மா வீட்டில். முன் அறையில் அப்பாவின் தம்பியான சித்தப்பா. அவருக்குக் கேஸ் முடியவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் வீடுகளில் கேஸ் என்றால் ஒன்றுதான்: அகதியாக வந்தவரை இந்த நாட்டில் இருக்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்பது. இலங்கையில் சமாதானப் பேச்சு நடக்கிறது, இனி உனக்கு என்ன பயம், திரும்பிப் போகலாம் என்று முதல் தரம் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா அப்பீல் போட்டிருந்தார். மாதத்துக்கு ஒரு தரம் ஓர் அலுவலகத்துக்குப் போய், நான் ஓடிப்போகவில்லை என்று சைன் வைத்துவிட்டு வர வேண்டும். வேலைக்குப் போக அனுமதி இல்லை. அதனால் வேறு வேலை இல்லாமல் அவர் இங்கிலிஷ்காரராக மாறிக்கொண்டிருந்தார்.

அதை அவர் முறையாகச் செய்தார். தேநீருக்குச் சீனியைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் விட்டுவிட்டார். பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் அவரே சொறி என்று மன்னிப்புக் கேட்டார். தெருவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் காலநிலையைப் பற்றி இரண்டு வசனம் பேசினார். என்னை எழுந்து நிற்க வைத்து இந்த நாட்டுத் தேசிய கீதத்தைச் சொல்லித் தந்தார். எனக்கு இரண்டாம் பகுதி பாடமில்லை என்று கண்டுபிடித்து, “இஞ்ச பிறந்த பிள்ளைக்கு இது தெரியாதோ?” என்று கவலைப்பட்டார். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இதைப் பார்ப்பார்.

“அவங்கள் சும்மா பிறந்து இங்கிலிஷ்காரராய் இருக்கிறாங்கள். இவன் சோதினைக்குப் படிக்கிறான்” என்று அம்மாவிடம் சொல்வார்.

அந்தக் கோடையில் பெரிய உதைபந்தாட்டப் போட்டி ஒன்று வந்தது. ஊர் முழுக்கக் கொடி. கார்களில் கொடி, மதுக்கடை வாசலில் கொடி, ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் சாறிக்கடை பொம்மையின் கையில்கூட ஒரு கொடி. சித்தப்பா அங்கே மலிவுக் கடை ஒன்றில் நல்ல பெரிய கொடியாக ஒன்று வாங்கி வந்தார். அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறியது.

“தம்பி, என்ர வீட்டில கொடி வேண்டாம்” என்றார். “ஊரில கொடி கட்டின வீட்டுக்கும் அடி, கட்டாத வீட்டுக்கும் அடி. அதுக்குப் பயந்துதானே இஞ்ச வந்து கிடக்கிறம்.”

“அண்ணை, இது விளையாட்டுக் கொடி. எல்லாரும் கட்டியிருக்கினம். நாங்கள் மட்டும் கட்டாட்டி அதுதான் பிழையாத் தெரியும்.”

அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “கட்டுறதெண்டால் கட்டுங்கோ. ஆனா கொடி எண்டால் கொடிதான். ராகு காலத்தில ஏத்தாதேங்கோ.”

இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் பிசகியது என்று இப்போது நினைக்கிறேன். அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். சித்தப்பாவோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். பழைய திரைச்சீலைத் தடி ஒன்றை முன் முற்றத்தில், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவான குட்டைச் சுவரோடு சேர்த்துக் கட்டினார். அதன் நுனியில் மாவிலை. தடிக்குச் சந்தனம் பூசினார். கொடியில் குங்குமம் வைத்தார், சிவப்புச் சிலுவையில் குங்குமம் தெரியவே இல்லை. கற்பூரம் கொளுத்தி, கொடியை ஏற்றி, நடைபாதையில் தேங்காய் அடித்தார். ஒரு பாதி உருண்டு போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது.

அந்த வீட்டில் ஒரு வெள்ளைக்கார அன்ரி இருந்தார். எங்களுக்கு உலகத்தில் அன்ரி அல்லாத பெண் கிடையாது, ஆகையால் அவரும் அன்ரி. தனி ஆள். எங்கள் வரிசையில் வெள்ளைக்காரர் அவர் ஒருவர்தான், அந்த வீட்டிலேயே பிறந்தவராம். அவர் வாசலில் கொடி இல்லை. கதவைத் திறந்து, தேங்காய்ப் பாதியை எடுத்து, கொடியை ஒரு தரமும் சித்தப்பாவை ஒரு தரமும் பார்த்தார். “நன்றி” என்று சொல்லிவிட்டுத் தேங்காயோடு உள்ளே போய்விட்டார்.

கொடி ஏறிய அன்றே எங்கள் வீட்டில் மச்சம் நின்றது. யாழ்ப்பாணத்தில் மீனையும் இறைச்சியையும் மச்சம் என்போம். கோயிலில் கொடியேறினால் இறங்கும்வரை வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. இது உதைபந்தாட்டக் கொடி என்று அப்பா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். சந்தனம் பூசியாகிவிட்டது, இனி என்ன பேச்சு என்றார் அம்மா. அப்பா பூசணிக்காயைப் பிசைந்துகொண்டு இங்கிலாந்து எப்போது தோற்கும் என்று பார்த்திருந்தார். எனக்கும் அதே எதிர்பார்ப்புத்தான். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் எனக்குப் பிஷ் பிங்கர் என்கிற மீன் பொரியல் தருவது வழக்கம், அது நின்றுபோனதில் எனக்கு உயிரே போனது. ஆனால் வகுப்பில் எங்கள் வீட்டுக் கொடிதான் ஆகப் பெரியது என்று பெருமை அடித்துக்கொண்டும் திரிந்தேன்.

இங்கிலாந்து வழக்கம்போலப் பெனால்டித் தண்ட உதையில் தோற்றது. அடுத்த நாள் காலையில் பார்த்தால் தெருவில் ஒரு கொடி இல்லை. நான் குதித்துக்கொண்டு போய்ச் சித்தப்பாவிடம் கொடியை இறக்கச் சொன்னேன். அவர் படியில் இருந்து சீனியில்லாத தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏத்தின கொடியை நினைச்ச நேரம் இறக்கேலாது குஞ்சு” என்றார். “எங்கட கோயில்ல கொடி நிக்குமட்டும் ஊரை விட்டு ஒருத்தரும் வெளிக்கிடேலாது. அப்பிடி ஒரு கட்டு இருக்கு. இந்தக் கொடி நிக்குமட்டும் நானும் இஞ்சயிருந்து வெளிக்கிடேலாது. என்னை வெளிக்கிடுத்தவும் ஏலாது.”

“எப்ப இறக்குவீங்கள்?”

“கேஸ் வெண்டாப் பிறகு. அண்டைக்கு அம்மா ஆட்டிறைச்சி காய்ச்சுவா.”

அப்பாவிடம் முறையிட்டேன். அப்பாவுக்கு இந்தக் கட்டு, காப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. “உன்ர சித்தப்பாவுக்கு விசர், முழுப் பைத்தியம்” என்றார். ஆனால் கொடியைக் கழற்றச் சொல்லவில்லை. பூசணிக்காயும் தொடர்ந்தது.

கோடையில் எல்லா வீட்டிலும் கொடி நின்றபோது எங்கள் கொடி ஒன்றுமில்லை. இலையுதிர்காலத்தில் எங்கள் கொடி மட்டும் நின்றபோது அது வேறொன்றாகிவிட்டது. ஈத் பெருநாளுக்குப் பிரியாணி அனுப்புகிற எதிர் வீட்டார், எங்கள் வீட்டுக்குள்ளே யாரோ வேறு ஆட்கள் குடிவந்துவிட்டது போல் இந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள். கூரை வேலைக்காரர் ஒருவர் வான் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது தினமும் எங்கள் வீட்டைப் பார்த்து ஹோர்ன் அடித்தார். சித்தப்பா உள்ளே இருந்து கை காட்டுவார், ஆனால் வானுக்குள் இருக்கிறவருக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அவர் ஒரு சனிக்கிழமை இறங்கி வந்து கதவைத் தட்டியிருக்க மாட்டார்.

அம்மா இடியப்ப மாவு ஒட்டிய கையோடு கதவைத் திறந்தார். வாசல் நிறைய நின்ற அந்த மனிதர் அம்மாவின் பொட்டைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், வீட்டு இலக்கத்தைப் பார்த்தார். பிழையான வீடோ என்று நினைத்திருப்பார். சித்தப்பா பின்னால் ஓடி வந்து, “குட் மோர்னிங் சேர்” என்றார்.

இதை யார் கட்டியது என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். நான்தான் என்றார் சித்தப்பா. அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நீ இங்கிலிஷ் இல்லையே என்றார் பிறகு. அதில் கோபம் இருக்கவில்லை. கடையில் பிழையான சாமானைத் திருப்பிக் கொடுக்கிறவரின் குரல்தான்.

“கமிங் சூன், சேர்” என்றார் சித்தப்பா.

அவர் சிரித்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும். சிரிக்கவில்லை. திரும்பிப் போய் வானில் ஏறினார். அதற்குப் பிறகு அந்த வான் எங்கள் வீட்டுப் பக்கம் ஹோர்ன் அடிக்கவில்லை. சித்தப்பா மட்டும் சில நாள் அந்த நேரத்துக்கு ஜன்னல் அருகே நின்று பார்த்தார்.

பக்கத்து வீட்டு அன்ரி வந்தது அதற்கடுத்த கிழமை. சித்தப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் காணாது, ஆகவே நான்தான் நடுவில் நின்று மாற்றிச் சொன்னேன். அன்ரி முதலில் மழையைப் பற்றிச் சொன்னார். பிறகு குப்பைத் தொட்டி எடுக்கும் நாள் மாறியதைச் சொன்னார். பிறகு தன் பூனையைப் பற்றிச் சொன்னார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில்தான் கொடிக்கு வந்தார்.

“அம்மா, அவவுக்கு எங்கட கொடி பிடிக்கேல்லையாம்.”

“அது அவையின்ர கொடியெல்லோ?”

“அதைப் பார்க்க அவவுக்கு வெக்கமாக் கிடக்காம். அவ சின்னனா இருக்கேக்க அந்தக் கொடியைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்சப் பேர் இந்த றோட்டால கத்திக்கொண்டு போனவையாம். கடைக் கண்ணாடியெல்லாம் உடைச்சவையாம்.”

அம்மா யோசித்தார். ஊரில் இப்படி எத்தனையோ பார்த்தவர். “பாவம், இவையிலயும் அப்பிடிக் கூட்டம் இருந்ததோ” என்றார். பிறகு, “தம்பியின்ர கேஸ் முடியுமட்டும் இறக்கேலாது எண்டு சொல்லு. இறக்கினால் அவன் வெளிக்கிட வேண்டி வரும் எண்டு சொல்லு.”

நான் அப்படியே சொன்னேன். கொடி கீழே வந்தால் என் சித்தப்பா இந்த நாட்டை விட்டுப் போக வேண்டும், அது எங்கள் கோயில் சட்டம் என்று ஒன்பது வயதுக்குரிய முழு அதிகாரத்தோடு சொன்னேன். அன்ரி என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்களில் என்ன இருந்தது என்று எனக்கு நினைவில்லை. தொந்தரவுக்கு மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். தன் நாட்டுக் கொடியைப் பார்த்து வெட்கப்படுகிற ஒரு பெண்ணுக்கு எங்கள் வீட்டு விஷயம் எப்படி விளங்கும்?

குளிர் தொடங்கிய ஒரு காலையில் சித்தப்பா சைன் வைக்கப் போனார். எப்போதும் போல் டை கட்டிக்கொண்டார். வாசலில் நின்று, தடியில் சுற்றிக்கொண்டிருந்த கொடியை விரித்துவிட்டு, எனக்குக் கை காட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அவர் வரவில்லை. இருட்டத் தொடங்கியபோது போன் வந்தது. அப்பா கேட்டுவிட்டு, போனை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“பிடிச்சு வைச்சிட்டினம்” என்றார் அம்மாவிடம். “அப்பீலும் தோத்துப் போச்சாம். விமான நிலையத்துப் பக்கம் ஒரு இடத்தில அடைச்சு வைச்சிருக்கினம். டிக்கெட் போடப் போகினமாம்.”

எனக்கு இது விளங்கவில்லை. ஜன்னலால் பார்த்தேன், கொடி நின்றுகொண்டிருந்தது. “கொடி நிக்குதுதானே அப்பா, பிறகு எப்பிடிச் சித்தப்பாவைக் கொண்டு போவினம்?” என்று கேட்டேன். அப்பா அப்போதுதான் போனைக் கீழே வைத்தார். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு அப்படியே அதன் முன்னால் நின்றார்.

மறுநாள் காலை எழும்பிப் பார்த்தால் அப்பா முற்றத்தில் நிற்கிறார். பெற்றோல் ஸ்டேஷன் ஜக்கற்றோடு, தடியின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுன் இதைச் செய்தார். பூசணிக்காயைப் பற்றிப் பேச்சே இல்லை. கொடி மழையில் நனைந்து சாம்பல் நிறமாகியிருந்தது, சிலுவையின் சிவப்பு வெள்ளையில் ஊறிவிட்டது. கழற்றித் தோய்த்துப் போடட்டோ என்று அம்மா கேட்டார்.

“தோய்க்க இறக்கினாலும் இறக்கினதுதான்” என்றார் அப்பா. “தொடாதேயும்.”

அப்பாவும் அம்மாவும் வழக்கறிஞர் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போன் எடுத்தார்கள். கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். எனக்குத் தெரிந்தவரை எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தத் தடியைத்தான் நம்பியிருந்தோம், நான் உட்பட. ஆனால் பிஷ் பிங்கர் ஆசையும் இருந்தது. பெரிய காற்று அடித்த அன்று அப்பா விடியமுன்னமே ஷிப்ட்டுக்குப் போய்விட்டார். நான் மேல்மாடி ஜன்னலில் பல் துலக்கிக்கொண்டு நின்று பார்த்தேன். தடி ஒரு பக்கம் சரிந்து, கொடியின் மேல் மூலை கழன்று, படபடவென்று சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இறக்கினால்தான் குற்றம், காற்று இறக்கினால் குற்றமில்லை, இன்று பின்னேரமே மச்சம் கிடைக்கும் என்று எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அன்ரி இரவு உடுப்புக்கு மேல் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, சமையலறைக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் குட்டைச் சுவரோடு போட்டு ஏறினார். தலைமயிர் எல்லாப் பக்கமும் பறந்தது. உடுப்புக் காயப்போடுகிற கயிற்றால் முதலில் தடியை நிமிர்த்திக் கட்டினார். பிறகு கொடியின் மூலையைப் பிடிக்கப் பார்த்தார். அது இரண்டு தரம் அவர் முகத்தில் அடித்தது. மூன்றாம் தரம் பிடித்துவிட்டார். கட்டி முடித்த பிறகும் கதிரையில் நின்றபடி தடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றார், காற்று கொஞ்சம் அடங்கும்வரை.

எனக்குச் சரியான ஏமாற்றம். அந்த அன்ரிக்கும் கடைசியில் நாட்டுப்பற்று வந்துவிட்டது, வந்த நேரத்தைப் பார் என்று நினைத்துக்கொண்டு வாயைக் கொப்பளித்தேன்.

கொடி விழவில்லை. ஆனால் அடுத்த கிழமை சித்தப்பாவை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அவருடைய உடுப்புகளும் முன் அறையில் இருந்த மற்றச் சாமான்களும் ஒரு பையில் போய்ச் சேரவேண்டும் என்று அப்பா ஓடிக்கொண்டு போனார், நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. திரும்பி வந்து அந்தப் பையை முன் அறைக் கட்டிலில் வைத்தார். அன்றைக்கும் அவர் கொடியைத் தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை. கொடி நிற்கிறதே, இனியும் ஏதாவது நடக்கலாம் என்று அவர் நினைத்தாரோ என்னவோ. விசர் என்று சொன்னவர் அவர்தான்.

பிறகு கொழும்பிலிருந்து போன் வந்தது. போனைச் சுற்றி எல்லோரும் நின்றோம், சித்தப்பாவின் குரல் எனக்கும் கேட்டது.

“அண்ணை, நான் வந்து சேர்ந்திட்டன். விசாரிச்சுப் போட்டு விட்டிட்டினம். ஒண்டும் செய்யேல்லை, பயப்பிடாதேங்கோ. இனிக் கொடியை இறக்குங்கோ. பிள்ளை பாவம், மச்சம் தின்னட்டும்.”

அப்பா “ஓம், ஓம்” என்று தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா பார்த்துச் சொன்ன நல்ல நேரத்தில் அப்பா கொடியை இறக்கினார். தன் முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்த பிறகு, தான் கட்டாத ஒரு கயிறு இருப்பதைக் கண்டார். யார் கட்டியது என்று கேட்டார். பக்கத்து வீட்டு அன்ரி, காற்றடித்த அன்று, என்றேன். அப்பா அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார். வெட்டியிருக்கலாம், கத்தி கையில் இருந்தது. அவர் வெட்டவில்லை. விறைத்த விரல்களால் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டிச் சுவரின் அந்தப் பக்கம் வைத்தார். கொடியை மடித்துச் சாமிப்படத் தட்டுக்குக் கீழே வைத்தோம்.

அம்மா ஆட்டிறைச்சி காய்ச்சினார். கொடியிறக்கத்துக்கு அடுத்து மச்சம் சமைப்பது வழக்கம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வீடு முழுக்க அந்த வாசம். அப்பாவுக்குப் பசிக்கவில்லையாம், மேலே போய்ப் படுத்துவிட்டார். அம்மா தனக்குப் போட்டுக்கொள்ளவே இல்லை. இவ்வளவு ருசியான கறியை இவர்கள் ஏன் வீணாக்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று ஒரு கோப்பைச் சோறு கூடுதலாகவே சாப்பிட்டேன். பாதியில் அம்மா ஒரு கிண்ணத்தில் கறி ஊற்றி, பக்கத்து வீட்டு அன்ரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்.

அன்ரி கதவைத் திறந்து என்னையும் பார்த்தார், எனக்குப் பின்னால் வெறுமையாக இருந்த சுவரையும் பார்த்தார். உன் சித்தப்பா எங்கே என்று கேட்டார். போய்விட்டார், அதனால் கொடியை இறக்கிவிட்டோம் என்று சொன்னேன். நீங்கள் கட்டிய கயிறு சுவருக்கு மேலே இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் கிண்ணத்தை வாங்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். பெரிய ஆட்கள் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று தெரியவில்லை. நான் கிண்ணத்தை வாசல் படியில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

“என்ன பிள்ளை, குடுத்தனியோ?” என்று அம்மா கேட்டார்.

“ஓம். அவ அழுறா அம்மா. எங்கட கொடியை இறக்கிப்போட்டம் எண்டு.”

அம்மா என்னைப் பார்த்தார். என் சோற்றுக் கோப்பையை இழுத்து, சட்டியைக் கிளறித் தேடி, நல்ல துண்டாக இன்னொன்று எடுத்து வைத்தார்.